படுக்கையில் இருக்கும் பெரியவர்களை வீட்டிலேயே பார்ப்பது: சுங்கை சிப்புட் வட்டாரத்துக்கான இழை

#1 கைத்துணை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள லிந்தாங், ஜாலோங், சாலாக் பக்கம் படுக்கையில் விழுந்த பெரியவர்கள் உள்ள வீடுகள் நிறைய. பிள்ளைகளுக்கு பினாங்கிலோ கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை; வீட்டில் மிஞ்சுவது ஒரு மகள், இல்லையென்றால் ஒரு மருமகள். "இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள்" என்று ஆஸ்பத்திரியில் அனுப்பும்போது மாத்திரைப் பையும் அடுத்த தவணைச் சீட்டும் கைக்கு வருகின்றன. எப்படித் திருப்பிப் போடுவது, எப்படி ஊட்டுவது, கடைசி நாளில் என்ன நடக்கும் என்று உட்கார்ந்து சொல்ல அங்கே நேரம் இருப்பதில்லை.

துறை தெரிந்தவர்கள் அளவோடும் நேரத்தோடும், எது எதனால் கெட்டுப்போகிறது என்பதோடும் எழுதுங்கள். அச்சடித்து தோட்டத்து லயத்து வீடுகளில் கொடுக்கப்போகிறோம்.

நான் தொடங்கி வைப்பது ஒன்றுதான். டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே வார்டு மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) "டொமிசிலியாரி" சேவைக்குப் பெயர் கொடுக்கக் கேளுங்கள். கெசிஹாத்தான் கிளினிக்கிலிருந்து (அரசாங்கச் சுகாதார கிளினிக்) மிஸ்ஸி, பிசியோ, டாக்டர் என்று வீட்டுக்கு வந்து பார்க்கும் அரசாங்கச் சேவை அது. வார்டிலிருந்து கடிதம் போனால் வேலை சுலபம். படுக்கையில் இருப்பவரைப் பராமரிப்பவருக்குச் சமூகநல இலாகா மாதாந்தர உதவித்தொகை கொடுக்கிறது. அதன் பாரத்தில் அரசாங்க டாக்டர் கையெழுத்து வேண்டும், அதையும் வார்டிலேயே வாங்கிவிடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு அந்த ஒரு கையெழுத்துக்காகப் பெரியவரை வேனில் ஏற்றி இறக்குவது அவருக்குப் பெரிய வதை.

#2 மிஸ்ஸி_அக்கா

படுக்கைப் புண்ணிலிருந்து ஆரம்பிக்கிறேன். மரியாதை, கௌரவம் என்று எவ்வளவு பேசினாலும் முதுகில் நாற்றமடிக்கும் புண்ணோடு படுத்திருப்பவருக்கு எதுவும் மிஞ்சாது.

எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சதை நசுங்கி ரத்த ஓட்டம் நின்றால் புண். வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிகால், கணுக்கால், காதுமடல். 2 மணி நேரத்துக்கு ஒரு முறை இடம் மாற்ற வேண்டும்: வலம், மல்லாக்க, இடம். முழுதாக ஒருக்களித்துப் போட்டால் மொத்தப் பாரமும் இடுப்பு எலும்பில் இறங்கும். ஆகவே 30 பாகை சாய்வு போதும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை நீளவாக்கில் செருகுங்கள். முழங்கால்களுக்கு நடுவே இன்னொன்று. கெண்டைக்கால் அடியில் மூன்றாவது, குதிகால் மெத்தையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும்படி. குதிகாலுக்கு அடியிலேயே தலையணை வைப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். அது பாரத்தை இடம் மாற்றுவதே இல்லை.

சிவந்த இடத்தை விரலால் 3 விநாடி அழுத்தி விடுங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் ரத்தம் ஓடுகிறது. வெளுக்கவே இல்லையென்றால் புண் உள்ளே தொடங்கிவிட்டது என்று பொருள். நம் கறுத்த தோலில் சிவப்பு தெரியாமல் போகும். அந்த இடம் பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ, கூடுதல் கறுப்பாகவோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள். அந்த இடத்தில் எண்ணெய் போட்டுத் தேய்க்கக் கூடாது. நசுங்கிய திசு தேய்ப்பில் இன்னும் கிழியும். டயர் டியூப், வளையத் தலையணையும் வேண்டாம். வளையம் தன் விளிம்பில் ரத்த ஓட்டத்தை நிறுத்தி நடுவில் வீக்கம் தரும். மஞ்சள் தூள், பவுடர் அப்பினால் புண்ணின் அடி தெரியாது, துடைக்கும்போது புதுத் தோலும் உரிந்து வரும்.

இழுத்து மேலே ஏற்றுவதுதான் தோலை அதிகம் கெடுக்கிறது. பழைய பருத்திச் சேலை ஒன்றை நான்காக மடித்து, தோளிலிருந்து தொடை வரை அடியில் விரித்து வையுங்கள். கரையும் ஜரிகையும் வெளிப்பக்கம் இருக்கட்டும். இரண்டு பேர் இரு பக்கமும் சுருட்டிப் பிடித்து, தூக்கி நகர்த்துங்கள்.

#3 கைத்துணை

அக்கா, காற்று மெத்தை வாங்கிப் போட்ட வீடுகளிலும் புண் வருகிறதே?

#4 மிஸ்ஸி_அக்கா

மெத்தை வாங்கியதும் திருப்புவதை நிறுத்திவிடுகிறார்கள், அதனால்தான். நேரத்தைக் கொஞ்சம் நீட்டிக்கொள்ளலாமே தவிர நிறுத்த முடியாது. அடுத்தது, பம்ப்பில் எடைக்கேற்ற அளவு வைப்பதில்லை. அவர் மல்லாக்கப் படுத்திருக்கும்போது வால் எலும்புக்கு நேர் கீழே, மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை மேல்நோக்கி நுழையுங்கள். எலும்பு கையில் தட்டினால் காற்று போதவில்லை. ஓர் அங்குலமாவது நடுவில் இருக்க வேண்டும். மெத்தைக்கு மேல் கம்பளி, ரப்பர் ஷீட், துண்டு என்று நான்கு அடுக்குப் போட்டால் மெத்தை இருந்தும் இல்லாத மாதிரிதான். ஒரே ஒரு மெல்லிய விரிப்பு போதும்.

தலைப்பக்கத்தைச் சாப்பாட்டு நேரத்திலும் அதற்குப் பிறகு கொஞ்ச நேரமும் உயர்த்துங்கள். மற்ற நேரம் 30 பாகைக்கு மேல் வேண்டாம், உடம்பு சறுக்கிக்கொண்டே இறங்கும். மூச்சுத் திணறல் உள்ளவருக்கு இது பொருந்தாது, அவருக்கு எந்த உயரத்தில் மூச்சு சுலபமோ அதுதான் உயரம்.

#5 பிசியோ_ஈப்போ

நடக்க முடியாதவரைப் படுக்கையிலேயே வைத்துவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. உட்கார முடிகிற ஆளை ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது நாற்காலிக்கு மாற்றுங்கள், அஞ்சடியில் (முன் தாழ்வாரத்தில்) தெருவைப் பார்த்து உட்காரட்டும். நெஞ்சுக்கும் குடலுக்கும் நல்லது. அதைவிட, யார் வருகிறார், யார் போகிறார் என்று பார்ப்பது அவர் வாழ்க்கையின் பாதி. ஒரே இருப்பில் ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம்.

மாற்றும் முறை: சக்கர நாற்காலியைப் பலமுள்ள கைகால் இருக்கும் பக்கமாக, கட்டிலோடு 30 முதல் 45 பாகை கோணத்தில் வையுங்கள். பிரேக் இரண்டும் பூட்டி, கால்மிதியைக் கழற்றிய பிறகுதான் அவரைத் தொட வேண்டும். கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து ஒரு நிமிடம் பொறுங்கள். திடீரென எழுப்பினால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும். பாதம் தரையில் பதிந்திருக்கணும். உங்கள் முழங்காலால் அவருடைய பலவீனமான முழங்காலை முட்டுக்கொடுத்து, இடுப்புவாரைப் பிடித்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று அவரும் சேர்ந்து சொல்லும்படி எழுப்புங்கள். பக்கவாதம் வந்தவரைக் கையைப் பிடித்தோ அக்குளில் கைகொடுத்தோ இழுக்கவே கூடாது. அந்தத் தோள்மூட்டைப் பிடித்து வைக்கும் தசை செயலிழந்து போயிருக்கிறது, மூட்டு நழுவிவிடும். பிறகு கடைசிவரை வலி.

கட்டில் உயரம் அவர் உட்கார்ந்தால் பாதம் படும் அளவு. தரையில் பாய்மெத்தை போட்டால் விழுந்து அடிபடும் பயம் இல்லை, ஆனால் பார்க்கிறவர் முதுகு சில மாதங்களில் போய்விடும்.

பழைய லயத்து வீடுகளில் கழிப்பறை பின்னால், படி இறங்கி, குந்தும் கக்கூஸ். சக்கர நாற்காலி வாங்கும் முன் கதவின் அகலத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள்; நாற்காலியின் அகலம் கைவளையத்தோடு சேர்த்துக் கணக்கு. கக்கூஸ் நாற்காலியை உள்ளறையில் மறைப்புச் சேலை கட்டி வைப்பது நல்லது. சாப்பிட்டு 20, 30 நிமிடத்தில் குடல் தானாகவே அசையும். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் அதே நேரத்துக்கு உட்காரவைத்தால் பெம்பர்ஸ் (டயப்பர்) செலவும் குறையும், அவமானமும் குறையும். உட்காரவைத்துவிட்டு, விழமாட்டார் என்றால் சேலைக்கு வெளியே வந்து நில்லுங்கள்.

#6 சாலாக்_வீடு

அம்மாவை மகன் குளிப்பாட்ட வேண்டிய நிலை உள்ள வீடுகளுக்கு என்ன சொல்வது? பெண்பிள்ளை இல்லை, வேலைக்காரி வைக்க வசதியும் இல்லை.

#7 மிஸ்ஸி_அக்கா

தம்பி, அம்மாவிடம் முதலில் கேட்கச் சொல்லுங்கள். பேச முடியாவிட்டாலும் கேட்க வேண்டும். கண், முகம், கை இறுக்கம் பதில் சொல்லும். பக்கத்து வீட்டு அக்கா வாரத்தில் இரண்டு நாள் அரை மணி நேரம் வரட்டும். "எப்பவாவது உதவி பண்ணுங்க" என்று சொன்னால் யாரும் வரமாட்டார்கள். "செவ்வாய், வெள்ளி காலை ஒன்பது மணி" என்று கேட்டால் வருவார்கள்.

மகனே செய்வதென்றால் கைலியை மேலே போர்த்தியபடியே செய்யலாம். கதவைச் சாத்தி, காற்றாடியை நிறுத்துங்கள். இரண்டு பேசின், ஒன்றில் சோப்பு நீர், ஒன்றில் நல்ல நீர், முழங்கையில் பட்டால் இதமான சூடு. முகம், கைகள், மார்பு, கால்கள், முதுகு. கழுவும் பாகத்தை மட்டும் திறந்து, துடைத்து, மூடிவிட்டு அடுத்தது. தண்ணீரை மாற்றி, கடைசியாகக் கீழ்ப்பாகம், முன்னிருந்து பின்னால். கையில் துணியைக் கொடுத்தால் அங்கே அவரே துடைத்துக்கொள்ள முடிகிற பெண்கள் நிறைய. எட்டாததை மட்டும் நீங்கள் செய்யுங்கள். மார்புக்கு அடியிலும் தொடையிடுக்கிலும் ஈரம் தங்கினால் பூஞ்சை வரும், ஒற்றி எடுங்கள். பவுடர் கட்டிகட்டியாகி உராயும். மலம் படும் தோலுக்கு ஜிங்க் களிம்பு மெல்லிசாக.

நைட்டியின் முதுகுப்பக்கத்தை மேலிருந்து கீழ்வரை வெட்டி ஓரம் தைத்தால் கையைத் திருகாமல் போட்டுவிடலாம். பார்க்கிறவர் வசதிக்காகத் தலைமுடியை ஒட்ட வெட்டுவது, பொட்டையும் திருநீற்றையும் விட்டுவிடுவது, பெயரையோ உறவையோ விட்டு "பாப்பா" என்று கூப்பிடுவது, அவர் எதிரிலேயே "நேத்து மூணு தடவை போயிட்டாங்க" என்று வந்தவர்களிடம் சொல்வது, இதெல்லாம் வேண்டாம். காது கேட்கும் கருவியும் மூக்குக்கண்ணாடியும் காலையில் எழுந்ததும் போட்டுவிட வேண்டிய பொருள்கள். அலமாரியில் இருந்தால் அவர் குழம்பிப்போனவராகத்தான் தெரிவார்.

#8 விழுங்கல்_சிகிச்சை

ஊட்டுவது பற்றி. நேராக உட்காரவைத்து, முகவாய் சற்றே நெஞ்சுப்பக்கம் தாழ்ந்திருக்க, நீங்களும் அவர் கண்மட்டத்தில் உட்கார்ந்து ஊட்டுங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் தலை அண்ணாந்துபோகும், மூச்சுக்குழாய் திறக்கும். டீஸ்பூன் அளவு, விழுங்கியதைத் தொண்டையில் பார்த்த பிறகுதான் அடுத்தது. இருமல், குரல் களகளவென்று மாறுதல், கண்ணில் நீர் இவற்றில் ஒன்று வந்தால் நிறுத்துங்கள்.

தண்ணீர்தான் புரைக்கேறுவதில் முதலிடம். அதற்குக் கெட்டிப்படுத்தும் மாவு உண்டு. எவ்வளவு கெட்டி என்பதை சிகிச்சையாளர் பார்த்துச் சொல்ல வேண்டும், ஐடிடிஎஸ்ஐ என்ற உலக அளவுகோலில் 0 முதல் 7 வரை எண் கொடுத்திருப்பார். சோறும் ரசமும் கலந்தது ஆபத்து. நீர் முந்திப் போகும், பருக்கை பின்தங்கும். குழைந்த கஞ்சி, மசித்த பூசணி, தயிர் பரவாயில்லை. வெற்றிலை பாக்கு பல வருடம் போட்டவர்களுக்கு வாய் சரியாகத் திறக்காது. குழந்தைகளுக்கான சின்ன பிரஷ், சின்ன ஸ்பூன். சாப்பாட்டுக்குப் பின் கன்னத்தில் ஒதுங்கியதை எடுத்துவிடுங்கள்.

மூக்கு வழியே இரைப்பைக்குப் போகும் உணவுக் குழாய் (மூக்குக்குழாய்) உள்ளவருக்கு: தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை, கொடுத்து முடித்தும் ஒரு மணி நேரம் அப்படியே. ஒவ்வொரு முறையும் முன்னதாக ஊசிக்குழலால் சிறிது இழுத்து, அமிலத்தன்மை காட்டும் பிஎச் தாளில் பாருங்கள், 5.5 அல்லது குறைவு என்றால் இரைப்பையில் இருக்கிறது. மூக்கருகே போட்ட குறி நகர்ந்திருந்தால் எதையும் ஊற்றாமல் மிஸ்ஸியைக் கூப்பிடுங்கள். அழுத்தித் தள்ளாமல், உயர்த்திப் பிடித்துத் தானாக இறங்கவிடுங்கள். முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர். மாத்திரைகளைத் தனித்தனியாகப் பொடித்து, நடுவில் தண்ணீர் விடுங்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையைப் பொடிக்கக் கூடாது, ஒரு நாள் மருந்து ஒரே அடியில் உள்ளே போய்விடும்.

ஆனால் குழாய் போடும் முன் ஒரு கேள்வி: எதற்காக? பக்கவாதம் வந்து தேறிவருபவருக்கு அது பாலம். மறதிநோய் முற்றியவருக்கு அது ஆயுளைக் கூட்டுவதில்லை, உணவும் எச்சிலும் நுரையீரலுக்குள் போவதையும் தடுப்பதில்லை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014-இல் வெளியிட்ட நிலைப்பாடும் இதுதான்: குழாய் வேண்டாம், பொறுமையாகக் கையால் ஊட்டுங்கள். குழாயைப் பிடுங்குகிறார் என்று கையைக் கட்டிலோடு கட்டுகிறோம், கட்டியதால் திமிறுகிறார், திமிறியதில் புண் வருகிறது. குழாய் கொடுத்த நன்மை எங்கே?

#9 ஜாலோங்_அண்ணன்

இது எனக்கு ஒப்பவில்லை. பெற்றவளைப் பட்டினி போட்டுச் சாகவிட்டான் என்று ஊர் சொல்லுமே. வாயால் நான்கு ஸ்பூன்தான் இறங்குகிறது என்றால் அது எப்படிப் போதும்?

#10 விழுங்கல்_சிகிச்சை

அண்ணே, நீங்கள் கேட்பது சரியான கேள்வி, எல்லா வீட்டிலும் இதுதான் நிற்கிறது. உடம்பு மூடிக்கொண்டு வரும்போது பசி முதலில் போகும். சாப்பாடு நின்றதால் அவர் இறந்துபோகவில்லை. இறந்துகொண்டிருப்பதால் சாப்பாடு நிற்கிறது. அந்தக் கட்டத்தில் திணித்தால் வாந்தி, வயிறு உப்புசம், சளி. டிரிப் ஏற்றினாலும் இதயமும் சிறுநீரகமும் சுமக்க முடியாமல் கை கால் வீங்கி, நெஞ்சில் நீர் கோக்கும். நான்கு ஸ்பூன் அவருக்குப் பிடித்ததாக இருக்கட்டும்: பாயசமோ மீன் குழம்புச் சாறோ ஐஸ்கிரீமோ. ஊர் கேட்டால் "ஊட்டிக்கொண்டுதான் இருக்கிறோம், அவர் விரும்புகிற அளவு" என்று சொல்லலாம், அது உண்மை.

வறட்சிதான் வேதனை தரும், அதற்கு மருந்து வாய்ப் பராமரிப்பு. விழித்திருக்கும் நேரத்தில் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை, மென்மையான பிரஷ் அல்லது நனைத்த பஞ்சு. கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் 1 டீஸ்பூன் உப்பு, 1 டீஸ்பூன் சமையல் சோடா. தினமும் புதிதாகக் கலக்குங்கள். எலுமிச்சை, கிளிசரின் தடவினால் கொஞ்ச நேரத்தில் இன்னும் காயும். பல்செட் ராத்திரியில் தண்ணீரில்.

#11 மருந்தகத்_தம்பி

மருந்துப் பையை அப்படியே தொடர்வதில்தான் வீடுகளில் பெரிய தவறு நடக்கிறது. சாப்பாடு பாதியாகிவிட்டது, சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ பழைய அளவிலேயே போகிறது. விடியற்காலையில் வியர்த்து, குளிர்ந்து, பேச்சில்லாமல் கிடப்பார். "முடிந்துவிட்டது" என்று சொந்தக்காரர்களுக்குச் சொல்லியனுப்பும் அளவுக்குப் போகும். அது பல நேரம் சர்க்கரை இறங்கியது. சாப்பாடு குறைந்த அன்றே டாக்டரைக் கேட்டு அளவைக் குறையுங்கள். கொழுப்பு மாத்திரை, வைட்டமின் போன்றவை பல வருடம் கழித்துப் பலன் தருபவை. அவை இன்னும் தேவையா என்று பையோடு போய்க் கேளுங்கள்.

வலிக்கு மார்பின் திரவம் தந்தால் பாட்டிலில் வீரியத்தைப் படியுங்கள். 5 மில்லியில் 10 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் 5 மில்லிகிராமுக்கு 2.5 மில்லி. சமையலறை ஸ்பூன் வேண்டாம், வாய்வழி ஊசிக்குழல் கேட்டு வாங்குங்கள். 4 மணி நேரத்துக்கு ஒரு முறை, வலி வந்தாலும் வராவிட்டாலும் கடிகாரப்படி. வலி ஏறியபின் கொடுத்தால் அதிக மருந்து தேவைப்படும். லண்டனில் 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் வற்புறுத்திய முறை இது. நடுவில் வலி குத்தினால் கொடுக்க எவ்வளவு என்று தனியாக எழுதி வாங்குங்கள். வழக்கமாக ஒரு நாள் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு. புண் கட்டு மாற்றும் முன், குளிப்பாட்டும் முன் அரை மணி நேரத்துக்கு முந்தி அதைக் கொடுக்கலாம்.

மார்பினோடு மலமிளக்கியும் முதல் நாளிலிருந்தே போக வேண்டும். அது இல்லாவிட்டால் மலம் கல்லாகும். பிறகு கல்லைச் சுற்றி நீர் கசியும். வீட்டில் வயிற்றுப்போக்கு என்று நினைத்து நிறுத்த மாத்திரை கொடுப்பார்கள், அடைப்பு முற்றும். மூன்று நாள் சரியாகப் போகாமல் திடீரென நீராகப் போனால் முதலில் அடைப்பைச் சந்தேகியுங்கள். ராத்திரியில் திடீர்க் குழப்பம், கூச்சல் வந்தாலும் பேய் பிடித்தது என்று ஓட வேண்டாம்: மலச்சிக்கல், நிறைந்த மூத்திரப்பை, மடங்கிய மூத்திரக்குழாய், மூத்திரக் கிருமி, வலி, புது மருந்து, இந்த வரிசையில் பாருங்கள்.

#12 ஜாலோங்_அண்ணன்

மார்பின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார், பழக்கம் பிடித்துவிடும் என்கிறார்களே தம்பி?

#13 மருந்தகத்_தம்பி

அண்ணே, சின்ன அளவில் தொடங்கி வலிக்கேற்ப ஏற்றும்போது அது உயிரைக் குறைப்பதில்லை. கடைசி நாள்களில் தொடங்குவதால் மருந்தும் மரணமும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன, பழி மருந்து மேல் விழுகிறது. முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பெரும்பாலும் தணியும். வலிக்காக எடுப்பவருக்குப் போதைப் பழக்கம் பற்றிய கவலை இந்தக் கட்டத்தில் வேண்டாம். உண்மையில் கவனிக்க வேண்டியது சிறுநீரகம். அது பழுதானவருக்கு மருந்து உடம்பில் தேங்கும்: கை கால் வெடுக் வெடுக்கென்று துள்ளும், எழுப்பினாலும் எழமாட்டார். அப்போது அடுத்த வேளையை நிறுத்திவைத்து உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். தோலில் ஒட்டும் வலிமருந்துப் பட்டை தந்திருந்தால் அதன்மேல் சூட்டு ஒத்தடம் கூடாது, மருந்து வேகமாக உள்ளே இறங்கும். வெட்டவும் கூடாது.

#14 மிஸ்ஸி_அக்கா

கடைசி சில நாள்கள். தூக்கம் கூடும், மூத்திரம் குறைந்து கறுக்கும், பாதமும் முழங்காலும் குளிர்ந்து திட்டுத்திட்டாக நிறம் மாறும். மூச்சு வேகமாகி, தணிந்து, அரை நிமிடம் நின்று மறுபடி தொடங்கும். தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும். விழுங்க முடியாத எச்சில் அது. கேட்கிறவருக்கு இருக்கும் வேதனை அவருக்கு இருப்பதாகத் தெரியவில்லை. ஒருக்களித்துச் சாய்த்துப் படுக்கவையுங்கள். ஆழமாகக் குழாய்விட்டு உறிஞ்ச வேண்டாம். எச்சிலைக் குறைக்க ஊசி உண்டு, வரும் மிஸ்ஸியிடம் முன்பே கேட்டு வையுங்கள். மூச்சுத் திணறினால் தலையை உயர்த்தி, சின்னக் காற்றாடியைக் கன்னத்தில் படும்படி வையுங்கள்; முகத்தில் படும் காற்று திணறல் உணர்வைக் குறைக்கும்.

பால் ஊற்றும் வழக்கத்தைத் தடுக்க மாட்டேன், குடும்பத்துக்கு அது வேண்டும். ஆனால் விழுங்க முடியாதவர் தொண்டையில் ஸ்பூனால் ஊற்றினால் நேரே நெஞ்சுக்குள் போகும். மல்லாக்கப் படுத்திருப்பவரை ஒருக்களித்து, பஞ்சையோ துளசியையோ பாலில் நனைத்து, பிழிந்து, உதட்டிலும் கன்னத்து உட்புறத்திலும் ஒவ்வொருவராகத் தொட்டு வையுங்கள். பேரப்பிள்ளைகளும் செய்யலாம்.

வருகிறவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று "எப்படி இளைச்சிட்டாங்க" என்று அழுவதை வாசலிலேயே முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கேட்கும் திறன் கடைசி வரை இருக்கலாம். மின்னல் எஃப்எம்மோ தேவாரமோ எதைக் கேட்டு வாழ்ந்தாரோ அது மெதுவாக ஓடட்டும்.

#15 கைத்துணை

எழுத்து வேலையையும் சேர்த்துவிடுகிறேன். அவர் தெளிவாகப் பேசும் காலத்திலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: கடைசியில் வீடா ஆஸ்பத்திரியா, மூக்குக்குழாய் வேண்டுமா, நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் முயற்சி வேண்டுமா, பேச முடியாதபோது யாரைக் கேட்பது. ஆஸ்பத்திரி அட்டையோடு வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். வெளியூர்ப் பிள்ளைகளுக்கும் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். கடைசி இரவில் வந்து இறங்குபவர்தான் "ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை" என்று கேட்பார். 999-ஐக் கூப்பிட்டால் வருபவர்கள் உயிர்காக்கும் முயற்சியைத்தான் தொடங்குவார்கள், அது அவர்கள் கடமை. வீட்டில் இறந்தால் யார் உறுதிப்படுத்துவார், அடக்க அனுமதிக்கு எங்கே போக வேண்டும் என்று கெசிஹாத்தான் கிளினிக்கிலும் போலிஸ் நிலையத்திலும் இப்போதே கேட்டு அந்தத் தாளின் பின்பக்கம் எழுதுங்கள். அடையாள அட்டையும் ஆஸ்பத்திரிக் கடிதமும் ஒரே உறையில்.

#16 மிஸ்ஸி_அக்கா

இன்னும் ஒன்று, தம்பி. உயிர் போனதும் அவசரம் இல்லை. உறவினர் உட்கார்ந்து அழட்டும். ஆனால் சில மணி நேரத்தில் உடம்பு விறைக்கத் தொடங்கும், அதற்கு முன் செய்ய வேண்டியவை: நேராக மல்லாக்கப் படுக்கவைத்து, கண்ணிமையை மூடி, பல்செட்டை மாட்டி, நாடிக்கட்டும் பெருவிரல் கட்டும் போடுவது. பல்செட் இல்லாமல் விறைத்தால் பிறகு மாட்ட முடியாது, முகம் வேறு மாதிரி தெரியும். பெம்பர்ஸ் புதிதாக ஒன்று போடுங்கள், அசைக்கும்போது கசியும். தோலில் மருந்துப் பட்டை இருந்தால் எடுத்து, ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்துத் தனியே வையுங்கள்.

#17 மருந்தகத்_தம்பி

அந்தப் பட்டையும் மிஞ்சிய மார்பின் பாட்டிலும் குப்பைக்கோ கால்வாய்க்கோ போகக் கூடாது, பக்கத்து வீட்டு வலிக்கும் கொடுக்கக் கூடாது. வாங்கிய ஆஸ்பத்திரி மருந்தகத்திலேயே திருப்பிக் கொடுங்கள். அதுவரை பிள்ளைகள் கை எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.